பழுதான ரிவால்வரும் பதில் சொல்ல வேண்டியவர்களும்

என் ரிவால்வரில் ஆறு அறைகள். விசையை இழுக்கும்போது அவற்றில் ஐந்து, குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் மயிரிழை தூரம் பாக்கி வைத்து நின்றது. என் கண்ணுக்குத் தட்டுப்படாத அந்த மயிரிழை, சுடுதளத்தில் எனக்குப் பக்கத்து மேடையில் நின்றவரின் கன்னத்தில் தெரிந்தது. மணலை வீசியது போல இருக்கிறதே என்று கன்னத்தைத் தடவினார். விரல் நுனியில் ஈயத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. நான் தோட்டாக்களை வெளியே எடுத்து, சிலிண்டரைத் திறந்தபடியே துப்பாக்கியை மேசைமேல் வைத்தேன். அதன் பிறகு பழுது சரியாகும்வரை அதில் ஒரு தோட்டாகூடப் போடவில்லை.

இது நடந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகருக்கு வடக்கே. நான் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் டர்னராகத் தொடங்கி, டூல் ரூமுக்கு மாறி, பிறகு இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயும் இயந்திரப் பட்டறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடியுரிமை வாங்கிப் பல காலம் ஆகிவிட்டது. நகரத்துக்கு வெளியே கொஞ்சம் நிலம், நாலைந்து ஆடுகள். பக்கத்து நிலத்துக்காரர்தான் என்னை முதலில் சுடுதளத்துக்கு அழைத்துப்போனார். பிஸ்டலைவிட ரிவால்வர் எனக்குப் பிடித்ததற்குத் தொழில்தான் காரணம். அதன் உள்ளே ஒவ்வொரு உறுப்பும் இன்னொன்றோடு உரசி, தள்ளி, தாங்கி வேலை செய்வதைக் கையால் உணர முடியும். 0.357 மேக்னம், நான்கு அங்குலக் குழல், துருப்பிடிக்காத எஃகு. புதிதாகக் கடையில் வாங்கியது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். எந்த நிறுவனத்தின் பொருளிலும் இது நடக்கலாம்.

ரிவால்வர் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தப் பழுதின் கனம் புரியும். தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் ஒரு தனி உறுப்பு. குண்டு சீறிப் போகும் குழல் இன்னொரு தனி உறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தே தீர வேண்டும், இல்லையென்றால் சிலிண்டர் சுழலாது. பொதுவாக அந்த இடைவெளி ஆயிரத்தில் நான்கு முதல் பத்து பங்கு அங்குலம். விசையை இழுக்கும்போது மூன்று காரியங்கள் வரிசையாக நடக்கின்றன. ஹேண்ட் என்று சொல்லப்படும் சிறு எஃகுத் துண்டு மேலே எழும்பி, சிலிண்டரின் பின்புறம் இருக்கும் ராட்செட் பல்லைத் தள்ளிச் சுழற்றுகிறது. அடுத்த அறை குழலுக்கு நேராக வந்ததும், அடியிலிருந்து ஒரு பூட்டு நாக்கு எழுந்து சிலிண்டரின் பள்ளத்தில் விழுகிறது. அதற்குப் பிறகுதான், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹேமர் விழ வேண்டும். வரிசை குலையாமல் இது நடப்பதைத்தான் டைமிங் என்கிறார்கள்.

இதில் பூட்டு நாக்கு விழுவதற்கு முன் ஹேமர் விழுந்தால், அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லாமலே தோட்டா வெடிக்கும். குண்டு அறையிலிருந்து கிளம்பி, குழல் வாயின் விளிம்பில் இடித்து, ஒரு பக்கம் சீவப்பட்டு உள்ளே நுழையும். சீவப்பட்ட ஈயம் அந்த இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் பறக்கும். 0.357 மேக்னம் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறைத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதே துப்பாக்கியில் போடக்கூடிய 0.38 ஸ்பெஷலுக்கு 17,000. இப்படிப்பட்ட அழுத்தத்தில் நேர்கோடு தவறினால், பக்கத்தில் நிற்பவருக்கும் சுடுபவருக்கும் காயம். மோசமாகத் தவறினால் துப்பாக்கியே உடையும்.

வீட்டுக்கு வந்து சோதித்தேன். முதலில் தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துப் பூட்டினேன். காலியான அறைகளை இரண்டு முறை பார்த்த பிறகு, ஒவ்வொரு அறைக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் மிக மெதுவாக இழுத்தேன். இடது கை விரல் ஒன்றை சிலிண்டர்மேல் லேசாக வைத்து, அது தன் வேகத்தில் ஓடிவிடாமல் சிறிது தடுத்துக்கொண்டேன். ஐந்து அறைகளில் பூட்டு நாக்கு 'டிக்' என்று விழுந்தது. ஓர் அறையில் ஹேமர் முழுக்கப் பின்னால் வந்து நின்ற பிறகும் அந்த ஓசை வரவில்லை. சிலிண்டரை விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளியதும்தான் விழுந்தது. அந்த அறையின் வெளிப்புறத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால், அந்த அறைக்கான ராட்செட் பல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டுப்பட்டிருந்தது. விளிம்பில் பிசிறும் இருந்தது.

இந்தச் சோதனையில் ஒரு நுட்பம் இருக்கிறது. விசையை வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் ஓட்டத்திலேயே மீதித் தூரத்தைக் கடந்து பூட்டிக்கொள்ளும். அதனால் வேகமாகச் சுடுகிறவருக்குப் பழுது பெரும்பாலும் தெரியாது. மெதுவாக இழுத்தால்தான் வெளிப்படும். பின்னால் நடந்தவற்றுக்கு இது முக்கியம்.

டூல் ரூமில் இருந்தவன், நீயே சரி செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் செய்யக் கூடாது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அகலமான ஹேண்ட் ஒன்றைப் போட்டால் குறையுள்ள பல் சரியாகிவிடும், மற்ற ஐந்தும் கூடுதலாகத் தள்ளப்படும். பிறகு அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக அரத்தால் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்ட எஃகில் ஒரு தேய்ப்பு கூடிப்போனால் உறுப்பு வீண். இன்னொன்றும் உண்டு. நான் கை வைத்தால், பிழை செய்த இடத்துக்கு அந்தப் பிழை போய்ச் சேராது. அடுத்த நூறு சிலிண்டர்களும் அதே கட்டர், அதே பிசிறோடு வெளியே வரும். கோவையில் நான் வேலை பார்த்த பம்ப் பட்டறையில் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். விவசாயி திருப்பிக் கொண்டுவந்த மோட்டாரை, காலையில் புது வேலை தொடங்குமுன் எல்லோர் முன்னிலையிலும் பிரிக்க வேண்டும். யார்மேலும் கோபப்படுவதற்காக அல்ல. பழுது எந்த மேசையில் பிறந்ததோ அந்த மேசைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வரும் பொருளைப் போல ஒரு தொழிற்சாலைக்கு உண்மையைச் சொல்லும் ஆசிரியர் கிடையாது என்று அங்கே கற்றேன். இன்றுவரை அதை நம்புகிறேன்.

வாங்கிய கடையில் கேட்டேன். விற்ற பிறகு அது உற்பத்தியாளர் விஷயம் என்றார்கள். முறைப்படி அது சரிதான். ஆனால் அதே கடையின் பழைய துப்பாக்கிகள் பிரிவில், இதைக் கொடுத்துவிட்டு விலையில் கழித்துக்கொண்டு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் சொன்னார். என்ன பழுது என்று அவர் கேட்கவே இல்லை.

ஈரோட்டுத் தம்பி ஒருவர் இங்கே மென்பொருள் வேலையில் இருக்கிறார், குடும்ப நண்பர். அவரும் அதையே சொன்னார்.

"ஏனுங்கண்ணா, இதுக்குப் போயி மாசக்கணக்குல காத்துக்கிட்டு இருக்கோணுங்களா? கடையில தள்ளிட்டு வேற வாங்கிக்குங்க."

"தள்ளினா அதை யாரு வாங்குவாங்க தம்பி?"

"யாரோ வாங்கிக்கறாங்க. நமக்கென்னங்கண்ணா?"

"அவங்க பக்கத்துல யாரு நின்னுட்டு இருப்பாங்க?"

அவர் பதில் பேசவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவும் வைத்தது. பழுதான பைக்கை விற்பதற்கும் பழுதான துப்பாக்கியை விற்பதற்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இந்த நாட்டில் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடியே 30 லட்சம் துப்பாக்கிகள் இருப்பதாக ஜெனீவாவிலுள்ள ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்பு 2018-இல் மதிப்பிட்டது. இவ்வளவு இருக்க வேண்டுமா என்பது பெரிய விவாதம். அதில் எனக்கும் கருத்து உண்டு, இங்கே அது வேண்டாம். இருக்கிற துப்பாக்கிகளில் பழுதானவற்றுக்கு யார் பொறுப்பு என்பதே இப்போது என் கேள்வி. அதற்கான பதில் என்னை உலுக்கியது.

அமெரிக்காவில் கார் பழுதென்றால் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை தலையிட்டு, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யச் சொல்லும். மருந்துக்கும் உணவுக்கும் தனித் துறை. மின்விசிறி, தொட்டில், ஏணி, பொம்மை போன்றவற்றுக்கு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். அதை உருவாக்கிய 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நுகர்பொருள் எது என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. துப்பாக்கியும் தோட்டாவும் அந்த விளக்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன. 1976-இல் ஒரு திருத்தம் வந்து அந்தக் கதவை இன்னும் இறுக்கியது. ஆகவே ஒரு துப்பாக்கி தானாக வெடிக்கிறது என்று ஆதாரத்தோடு நிரூபித்தாலும், அதைத் திரும்பப் பெறச் சொல்லி அந்த ஆணையம் உத்தரவிட முடியாது. வேறு எந்த மத்திய அமைப்புக்கும் அந்த அதிகாரம் தரப்படவில்லை. துப்பாக்கி, மது, புகையிலை விவகாரங்களைப் பார்க்கும் ஏடிஎஃப் அமைப்பு, உரிமத்தையும் விற்பனைப் பதிவுகளையும் கவனிக்கிறது. பொருளின் தரம் அதன் வேலையில் இல்லை.

இந்த விலக்கு சட்டத்தில் இடம்பெறப் பாடுபட்டவர் மிச்சிகனிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான உறுப்பினர் ஜான் டிங்கெல். வேட்டைப் பிரியர், துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். அவருக்குப் பின் அதே தொகுதியில் வென்ற அவர் மனைவி டெபி டிங்கெல், அந்த விலக்கை நீக்க மசோதா கொண்டுவந்தார். அது இன்னும் சட்டமாகவில்லை.

அரசுக்கு வேலை இல்லை என்றால் மிச்சம் இருப்பது இரண்டு வழிகள். ஒன்று நீதிமன்றம். துப்பாக்கி உற்பத்தியாளர்களுக்குப் பெரிய பாதுகாப்புக் கொடுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்காக வழக்குப் போடும் உரிமையை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் வழக்கு பெரும்பாலும் யாராவது காயப்பட்ட பிறகுதான் வரும். ரெமிங்டன் 700 துப்பாக்கியின் கதை அப்படித்தான். விசையைத் தொடாமலே வெடிக்கிறது என்ற புகார் அந்த ரைஃபிள்மேல் பல்லாண்டு காலம் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் மொன்டானாவில் 9 வயதுச் சிறுவன் ஒருவன், வேட்டைக்குப் போன குடும்பத்தோடு இருந்தபோது, தாய் துப்பாக்கியைக் காலி செய்ய முனைகையில் அது வெடித்து இறந்தான். அந்த விசை அமைப்பை வடிவமைத்த பொறியாளர் மைக் வாக்கர், 1948-லேயே இன்னும் பாதுகாப்பான மாற்று ஒன்றை நிறுவனத்திடம் முன்வைத்திருந்தார். அதற்கான கூடுதல் செலவு துப்பாக்கி ஒன்றுக்கு ஐந்தரை சென்ட். சிஎன்பிசி தொலைக்காட்சி 2010-இல் அந்த ஆவணங்களை வெளியே கொண்டுவந்தது. நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு இலவசமாக விசையை மாற்றித் தரும் சமரசத்துக்கு நீதிமன்றம் 2017-இல் ஒப்புதல் தந்தது. 1948-க்கும் 2017-க்கும் நடுவே போனவர்களை யாரும் திருப்பித் தர முடியாது. ஒரு பொறியாளர் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் ஐந்தரை சென்ட்டுக்காக அது கிடப்பில் போனதை நினைக்கும்போது எனக்கு ஆறவே ஆறாது.

இன்னொரு வழி, உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. அது மனம் வைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ரூகர் நிறுவனம் 1953 முதல் 1972 வரை செய்த ஒற்றைச் செயல் ரிவால்வர்களில் (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்துச் சுடுபவை), 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரைப் போலவே, ஹேமரின்மேல் அடிபட்டால் அடியிலுள்ள தோட்டா வெடிக்கும் அபாயம் இருந்தது. அதனால் அப்படிப்பட்ட ரிவால்வரை வைத்திருப்பவர்கள் ஹேமருக்கு நேரான அறையைக் காலியாக விட்டு, மற்றவற்றில் மட்டும் தோட்டா போடுவது பழைய வழக்கம். புகழ்பெற்ற சட்டக் காவலர் வயட் எர்ப் 1876-இல் விச்சிடா நகரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, உறையிலிருந்து நழுவி விழுந்த ரிவால்வர் வெடித்து மயிரிழையில் தப்பினார் என்று அவ்வூர்ச் செய்தித்தாள் எழுதியது. 1973-இல் ரூகர், ஹேமருக்கும் தோட்டாவைக் குத்தும் ஊசிக்கும் நடுவே ஒரு சிறு எஃகுப் பட்டையை வைத்தது. விசை முழுக்க இழுக்கப்பட்டால்தான் அந்தப் பட்டை எழுந்து அடியைக் கடத்தும். பிறகு 1982 முதல், பழைய ரிவால்வர்களையும் திருப்பி அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு அமைப்பை இலவசமாகப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. கழற்றிய பழைய உறுப்புகளையும் ஒரு பையில் போட்டு உரிமையாளருக்கே அனுப்பிவிடுவார்கள். அரசு உத்தரவு இல்லாமல், இத்தனை பத்தாண்டுகளாக நடக்கும் வேலை இது. இதே நிறுவனம் துப்பாக்கியோடு எழுத்து மூலமான உத்தரவாத அட்டை எதையும் தருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1975-ஆம் ஆண்டு உத்தரவாதச் சட்டத்தின் நிபந்தனைகளைக் காரணம் காட்டி, அதைக் கையேட்டிலேயே விளக்கியிருப்பார்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, பெட்டி திரும்பி வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதை வைத்தே நான் ஒரு நிறுவனத்தை எடை போடுவேன்.

என் ரிவால்வரைச் செய்தவர்களுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் காத்திருந்த பிறகு ஒருவர் வந்தார். வரிசை எண், வாங்கிய மாதம், எந்த நிறுவனத் தோட்டா, கடையில் வாங்கியதா அல்லது கையால் நிரப்பியதா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் முக்கியம். கையால் நிரப்பிய தோட்டாவால் வந்த சேதம் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் பொறுப்பேற்காது. நான் கடைத் தோட்டாவையே பயன்படுத்தியிருந்தேன், அட்டைப்பெட்டியும் கைவசம் இருந்தது. சில நாளில் மின்னஞ்சலில் கூரியர் ஒட்டுச்சீட்டு வந்தது. அனுப்பும் செலவு அவர்களுடையது.

இங்கே நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலருக்கும் இதில் பயம் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, தனிநபர் ஒருவர் பழுதான துப்பாக்கியை உரிமம் பெற்ற உற்பத்தியாளருக்கு நேரடியாக அனுப்பலாம். பழுது நீக்கியதையோ, அதே வகையில் மாற்றுத் துப்பாக்கியையோ அவர்கள் நேரே அந்த நபருக்கே திருப்பி அனுப்பலாம். வாங்கும்போது நிரப்பிய 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் பழுது நீக்கித் திரும்பும் துப்பாக்கிக்குத் தேவையில்லை. ஆனால் மாநிலச் சட்டமோ நகரச் சட்டமோ கூடுதலாக ஏதாவது சொல்லலாம். அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அரசுத் தபாலில் நான் அனுப்ப நினைக்கவே இல்லை. கைத்துப்பாக்கியைத் தனிநபர் தபாலில் அனுப்புவதை 1927-இல் வந்த சட்டம் குற்றமாக்கியது. கூரியர் நிறுவனங்களும் தனிநபர் சொந்தமாகக் கொண்டுவரும் துப்பாக்கிப் பொதியை ஏற்கத் தயங்குகின்றன. அதனால்தான் உற்பத்தியாளரின் ஒட்டுச்சீட்டு அவசியம். பெட்டியின் வெளியே உள்ளே இருப்பது துப்பாக்கி என்று தெரியும்படி எதுவும் எழுதக் கூடாது, வழியில் திருடு போகும். அப்படி எழுத வேண்டும் என்று கூரியர்காரர் கட்டாயப்படுத்துவதையும் சட்டமே தடை செய்கிறது. தோட்டா ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. உறை, மாற்றிப் போட்ட கைப்பிடி, குறிபார்க்கும் கண்ணாடி எதையும் சேர்த்து அனுப்ப வேண்டாம். அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கமும், வரிசை எண்ணோடு, படம் எடுத்து வைக்க வேண்டும்.

உள்ளே ஒரு கடிதம் வைத்தேன். கோபமாக எழுத நிறைய இருந்தது, எழுதவில்லை. பழுதைப் பிரிக்கப்போகும் மனிதர் என்னைப் போல ஒரு மேசையில் நிற்பவர். அவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை மட்டும் எழுதினேன். மார்க்கர் கோடு போட்ட அறையில், ஹேமரை மெதுவாக இழுத்து, சிலிண்டரில் விரலால் லேசான தடை கொடுத்தால் பூட்டு விழவில்லை. சுடும்போது பக்கவாட்டில் ஈயம் தெறித்து ஒருவர் முகத்தில் பட்டது. அந்த அறைக்கான ராட்செட் பல்லைப் பார்க்கவும். அவ்வளவுதான் கடிதம்.

பெட்டி திரும்பி வந்தபோது வேலைச் சீட்டில், சுத்தம் செய்து எண்ணெய் போடப்பட்டது, சுட்டுப் பார்க்கப்பட்டது, தரத்துக்கு உட்பட்டு இயங்குகிறது என்று அச்சாகியிருந்தது. என் மார்க்கர் கோட்டைத் துடைத்திருந்தார்கள். அதே பல், அதே பிசிறு. மெதுவாக இழுத்தேன், அதே அறை பூட்டவில்லை. என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. யாரோ ஒருவர் ஆறு தோட்டாக்களைப் போட்டு, விசையை வேகமாக இழுத்துச் சுட்டிருக்கிறார். சிலிண்டர் ஓட்டத்திலேயே பூட்டிக்கொண்டது. கடிதம் அவர் கைக்குப் போகவே இல்லை, அல்லது படிக்க அவருக்கு நேரம் தரப்படவில்லை. மணிக்கு இத்தனை பெட்டி முடிக்க வேண்டும் என்று மேலிருந்து கணக்கு வந்தால், மெதுவாக இழுத்துப் பார்க்கும் கை எங்கிருந்து வரும்? நான் அந்தத் தொழிலாளியைக் குறை சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டவரைச் சொல்வேன்.

மறுபடி போன் செய்தபோது ஒரு பெண்மணி எடுத்தார். எழுதிவைத்த பதிலை வாசிக்காமல் கேட்டார். பழுதுப் பிரிவில் யாராவது ஒருவர் என்னோடு நேரே பேச முடியுமா என்று கேட்டேன், முயல்கிறேன் என்றார். சொன்னபடியே மறுநாள் ரிவால்வர் பிரிவின் மூத்த தொழிலாளி ஒருவர் பேசினார். முதல் கேள்வியே, மெதுவாக இழுத்தால் மட்டுமா, வேகமாகவும் தவறுகிறதா என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. தொழில் தெரிந்தவர். நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். எந்த லேத், எந்த மில்லிங் என்று கொஞ்ச நேரம் பேச்சு அந்தப் பக்கம் போயிற்று. பெட்டியை என் பெயர் எழுதி அனுப்புங்கள் என்று தன் பெயரைக் கொடுத்தார்.

அடுத்து வந்த வேலைச் சீட்டில் கையெழுத்து இருந்தது. எக்ஸ்ட்ராக்டர் மாற்றப்பட்டது, புது ஹேண்ட் பொருத்தப்பட்டது, டைமிங் ஆறு அறைகளிலும் மெதுவாக இழுத்துச் சோதிக்கப்பட்டது, குழலுக்கும் அறைக்கும் நேர்கோடு அளவுகோல் கம்பி விட்டுப் பார்க்கப்பட்டது. ராட்செட் பற்கள் அந்த எக்ஸ்ட்ராக்டரில்தான் இருக்கின்றன, ஆகவே சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆறு பல்லும் ஒரே அச்சு. அந்தக் கையெழுத்துச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

பழுது நீக்கி வந்த துப்பாக்கியை அப்படியே நிரப்பிச் சுடக் கூடாது. காலியாக வைத்து எல்லா அறைகளையும் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்து சிலிண்டர் இடைவெளியை அளக்கலாம். குழலுக்குள் வெளிச்சம் விட்டு அடைப்பு இல்லை என்று பார்க்க வேண்டும். சுடுதளத்தில் முதலில் ஒரே ஒரு தோட்டா, அழுத்தம் குறைந்த வகை, பக்கத்து மேடைகள் காலியாக இருக்கும் நேரத்தில். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி பொறுக்க வேண்டும், தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. ஓசை வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. முந்தைய குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம், பின்னால் இன்னொன்று போனால் குழல் பிளக்கும்.

இங்கே வாழும் தமிழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடங்கும். ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் அப்பாவையோ மாமாவையோ ஆசைக்கு அழைத்துப்போய்க் கையில் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். பச்சை அட்டை உள்ளவர்கள் சட்டப்படி வாங்கலாம். இந்தியாவில் வாழும் வாசகர்களுக்கு இதெல்லாம் வேறு உலகம். அங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வைத்திருப்பதற்கு மட்டுமல்ல, பிறருடைய துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும்.

வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஈயம் தெறித்தாலோ, சிலிண்டர் பூட்டாமல் நின்றாலோ, அன்றே சுடுவதை நிறுத்துங்கள். கடைக்குத் தள்ளிவிடாதீர்கள், பழுதைச் சொல்லாமல் யாருக்கும் விற்காதீர்கள். உற்பத்தியாளருக்கு எழுதுங்கள். சரியாகவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், மேசையில் நிற்கும் மனிதரோடு பேசக் கேளுங்கள். அதோடு, நீங்கள் இங்கே வாக்காளர் என்றால், உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். தொட்டிலையும் ஏணியையும் திரும்பப் பெறச் சொல்லும் அதே ஆணையத்துக்குப் பழுதான துப்பாக்கியையும் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் வேண்டும் என்று கேளுங்கள். நான் போட்டுவிட்டேன்.